பிள்ளை ஈட்டிய பொருள்

ஆண்டுவிழா நெருங்கிவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சரியாக நடவாது. "ஹஜ்ரத், என்னையும் மேடையில் ஏற்றுங்கள்" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கிராஅத் ஓத ஒருவன், பைத் பாட இருவர், சொற்பொழிவாற்ற ஒருவன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். முப்பது ஆண்டுகளாக இக்காட்சியைக் கண்டு வருகிறேன். மேடை கேட்கும் பிள்ளையின் கண்ணில் ஓர் ஒளி உண்டு. அந்த ஒளி பொய்யன்று. அதைக் கண்ட பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என்னை நெடுநாளாக உறுத்தி வரும் கேள்வி.

இக்கேள்வியோடு படிக்கத்தக்க ஒரு வரலாறு அமெரிக்க நாட்டில் நடந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டில் அங்கே ஒரு திரைப்படம் வெளிவந்தது. அதே ஆண்டில், அதே மாநிலத்தில், ஒரு சட்டமும் பிறந்தது. மேடைமீது மோகங்கொண்ட பிள்ளைகளைப் பற்றியது படம். அத்தகைய பிள்ளைகள் ஈட்டிய பணத்தைப் பற்றியது சட்டம். திரைப்படத்தைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்திருக்க வேண்டுகிறேன். ஆடல் பாடலின் நயம் பேச நான் முற்படவில்லை. ஒரு குழந்தையின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கையே உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

பல்சுவை மேடை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மக்களின் மாலைப் பொழுதை ஆட்கொண்டிருந்தது 'வாடவில்' என்னும் பல்சுவை மேடை. பாட்டு, ஆட்டம், நகைச்சுவைப் பேச்சு, கழைக்கூத்து, கண்கட்டு வித்தை, பழக்கிய விலங்குகளின் வேடிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே நுழைவுச்சீட்டில் அடுத்தடுத்துக் காட்டிய நிகழ்ச்சி அது. அக்கலைஞர்கள் ஊர் ஊராக இரயிலில் சென்று பிழைத்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து மேடையேறுவது வழக்கம். அவர்களுக்குக் குழந்தை பிறந்தால் ஒப்பனை அறையே அதற்குத் தொட்டில் கட்டும் இடமாகும். நடக்கத் தொடங்கியதும் அக்குழந்தையும் மேடைக்கு வந்துவிடும்.

பின்னாளில் ஊமைப்படங்களின் பெரும் நடிகராக விளங்கிய பஸ்டர் கீட்டன், 1895இல் இத்தகைய குடும்பமொன்றில் பிறந்தவர். ஐந்து வயதளவிலேயே பெற்றோரின் நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டார். தந்தை அவரை மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கி எறிவதுதான் நிகழ்ச்சி. எறிவதற்கு வசதியாகப் பையனின் உடையில் ஒரு கைப்பிடியே தைக்கப்பட்டிருந்தது. அவையோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுப்பதற்கென்றே நியூயார்க் நகரில் 1875இல் ஒரு சங்கம் முறையாக அமைக்கப்பட்டது. எல்பிரிட்ஜ் கெரி என்னும் வழக்கறிஞர் அதனை முன்னின்று நடத்தியதால், மேடைக் குடும்பங்கள் அதனைக் 'கெரி சங்கம்' என்றே அழைத்தன. அச்சங்கத்தின் ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஒப்பனை அறைகளில் கலக்கம் பிறக்கும். கீட்டனின் குடும்பத்தார் மகனின் வயதைக் கூட்டிச் சொல்லிச் சமாளித்தார்கள். அப்படியும் சில காலம் நியூயார்க்கில் மேடையேற இயலாமற் போயிற்று.

கெரி சங்கத்தால் ஆகாத காரியத்தைப் பேசும்படம் செய்து முடித்தது. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. மேடைக் கலைஞன் பல நூறு ஊர்களுக்கு நேரில் சென்று பாடியதை, ஒரு படச்சுருள் ஒரே இரவில் பல நூறு ஊர்களில் பாடிக் காட்டியது. அடுத்துப் பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. வாடவில் கலைஞர்கள் வாழ்நாள் இலட்சியமாகக் கருதிய அரங்கம், 1913இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட 'பேலஸ்' ஆகும். அந்த அரங்கமே 1932 நவம்பரில் படக்கொட்டகையாக மாறியது. பேலஸில் பாடியவர்கள் வேலை தேடி அலைந்தார்கள்.

படம் சொன்ன கதை

நான் குறிப்பிட்ட திரைப்படத்தின் கதை இந்த வீழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறது. படத்தின் பெயர் 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்'. கைக்குழந்தைகள் என்று பொருள். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், லாரன்ஸ் ஹார்ட் என்னும் இருவர் 1937இல் மேடைக்காக ஆக்கிய இசை நாடகம் அது. அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றைக் களைந்துவிட்டு எம்.ஜி.எம். நிறுவனம் 1939இல் படமாக்கியது. தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட், இயக்குநர் பஸ்பி பெர்க்லி.

மோரன் என்னும் கலைஞர் பேலஸ் மேடையில் நிற்கும்போதே அவருக்கு மகன் பிறந்த செய்தி வருகிறது. பேசும்படம் வந்ததும் அவருடைய காலம் முடிகிறது. அவரைப் போன்ற பழைய கலைஞர்கள் பலர் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் வறுமையில் வாடுகிறார்கள். மீண்டும் ஒரு குழு அமைத்துப் பயணம் போக அவர்கள் முடிவு செய்கிறார்கள். தங்களையும் அழைத்துச் செல்லுமாறு வளர்ந்த பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். பெரியவர்கள் மறுத்துவிட்டுப் போகிறார்கள். இதற்கிடையே, இப்பிள்ளைகள் கேட்பாரற்றுத் திரிகிறார்கள், அரசாங்கத் தொழிற்பள்ளிக்கு இவர்களை அனுப்ப வேண்டும் என்று ஊரிலுள்ள மார்த்தா ஸ்டீல் என்னும் பெண்மணி நீதிபதியிடம் முறையிடுகிறாள். நீதிபதி முப்பது நாள் தவணை தருகிறார். அதற்குள் தாங்களே ஒரு நாடகம் நடத்திப் பெற்றோரின் மானத்தைக் காக்கப் பிள்ளைகள் துணிகிறார்கள். மோரனின் மகன் மிக்கி தலைவன். அவனை நேசிக்கும் பாட்ஸி பாடகி.

பணம் வேண்டுமே! முன்னாள் குழந்தை நட்சத்திரமான 'பேபி ரோஸலி' பணத்தோடு வந்து முதன்மை வேடத்தையும் பெற்றுக்கொள்கிறாள். பாட்ஸி மனம் நொந்து விலகிப் போய்ப் பின்னர் திரும்புகிறாள். கடைசி நேரத்தில் ரோஸலி இல்லாமற் போகவே, வேடம் பாட்ஸியிடம் வருகிறது. திறந்தவெளியில் நடக்கும் நாடகத்தைப் புயல்மழை வந்து கலைத்துவிடுகிறது. முடிவில் நியூயார்க் தயாரிப்பாளர் ஒருவர் கைகொடுக்க, பிள்ளைகள் பெரிய மேடையை அடைகிறார்கள். தந்தை மோரனுக்கும் வேலை கிடைக்கிறது.

மிக்கியாக நடித்தவர் மிக்கி ரூனி, பாட்ஸியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட். ஏறத்தாழ ஏழரை இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் முப்பது இலட்சத்துக்கு மேல் ஈட்டியது. சிறந்த நடிகருக்கான அகாடமி விருதுப் பட்டியலில் ரூனியின் பெயர் இடம்பெற்றது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் போலி செய்யும் ஒரு காட்சியும் படத்தில் உண்டு. அன்று அதைக் கண்டு கைதட்டினார்கள். இன்று அது அந்நாட்டாருக்கே நாணம் தருவதாக இருக்கிறது.

என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. இப்படத்தில் பகைப் பாத்திரம் யார்? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிற மார்த்தா ஸ்டீல்தான். அவ்வேடத்தில் நடித்த மார்கரெட் ஹாமில்டன், அதே ஆண்டில் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் கொடிய சூனியக்காரியாக வந்து உலகக் குழந்தைகளையெல்லாம் அச்சுறுத்தியவர். உண்மை வாழ்வில் அவர் நடிக்க வருமுன் சிறு குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர்! அவள் சொன்ன தொழிற்பள்ளியும் அன்பு நிறைந்த இடமாக இருந்திராது, அதனை மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளைகளுக்காகச் சட்டத்தின் வாயிலைத் தட்டியவள் கொடியவளாகவும், அவர்களை மேடையேற்றிய தயாரிப்பாளர் வள்ளலாகவும் அப்படத்தில் நிற்கிறார்கள். மேடையில் பிள்ளைகள் ஈட்டப்போகும் பணம் யார் பெயரில் எழுதப்படும் என்பதைப் படம் கேட்கவேயில்லை.

கூகன் வழக்கு

படம் கேட்காத கேள்வியை நீதிமன்றத்தில் கேட்டவர் ஜாக்கி கூகன். 1914இல் பிறந்த இவரும் மேடைக் குடும்பத்துப் பிள்ளைதான். சார்லி சாப்ளின் 1921இல் வெளியிட்ட 'தி கிட்' படத்தில், கிழிந்த உடையும் கலங்கிய கண்களுமாக வந்த அந்தச் சிறுவனை மறந்தவர் இல்லை. அவர் முகம் பதித்த பொம்மைகளும் இனிப்புகளும் கடைகளில் விற்றன. அண்மைக் கிழக்கு நாடுகளில் போரால் வீடிழந்த அகதிக் குழந்தைகளுக்கு நிதியும் உணவும் திரட்டுவதற்காக, 1924இல் பத்து வயதுகூட நிரம்பாத அவர் ஐரோப்பா வரை சென்று வந்தார். பிற நாட்டு அநாதைகளுக்குப் பால் தேடிக் கொடுத்த அப்பிள்ளையின் சொந்தப் பொருளுக்கு என்ன நேர்ந்தது?

1935 மே மாதத்தில் நிகழ்ந்த கார் விபத்தில் தந்தை மாண்டார். அதே காரிலிருந்த ஜாக்கி ஒருவரே உயிர் தப்பினார். அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு 21 வயது நிரம்பியது. தம் பொருள் தம் கைக்கு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தாயோ, குடும்பத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்து வந்தவரை மறுமணம் செய்துகொண்டிருந்தார். 1938இல் ஜாக்கி தம் தாய்மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குத் தொடுத்தார். அவர் குழந்தைப் பருவத்தில் ஈட்டியது முப்பது முதல் நாற்பது இலட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது.

தாய் தரப்பின் வாதம் எளியது. சட்டப்படி வலிமையானதும் கூட. கலிபோர்னியச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே உரியது. வயலில் வேலை செய்யும் மகனின் கூலி தந்தையைச் சேரும் என்ற பழைய உழவர் காலத்து வழக்கம் அது. ஏழைக் குடும்பத்துக்குச் சோறு போட ஏற்பட்ட அந்த விதி, இலட்சக்கணக்கில் ஈட்டும் குழந்தைக்கும் அப்படியே பொருந்தியது. எஞ்சியிருந்த சொத்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர் மட்டுமே. 1939இல் உடன்பாடு ஏற்பட்டு, அதில் பாதியாகிய 1,26,000 டாலர் ஜாக்கிக்குக் கிடைத்தது. ஒரு குழந்தைப் பருவம் முழுவதும் உழைத்ததற்குக் கிடைத்த கூலி அவ்வளவே!

நம் சட்ட நூல்களைப் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வரும். 'வலீ' என்ற அரபுச் சொல்லுக்குப் பொறுப்பாளர் என்பதே பொருள், உடைமையாளர் என்பதன்று. பிள்ளையின் பொருள் வலீயின் கையில் இருக்கும். ஆனால் அது அமானிதம். 1938இல் கலிபோர்னிய நீதிமன்றத்தில் ஜாக்கி கூகன் தேடியதும் ஏறக்குறைய இந்த வேறுபாட்டைத்தான். அது அன்றைய சட்டத்தில் இல்லை.

சட்டமும் அதன் ஓட்டையும்

பொதுமக்கள் கொதித்தெழுந்தார்கள். 1939இல் கலிபோர்னிய சட்டமன்றம் 'குழந்தை நடிகர் சட்டம்' இயற்றியது. மக்கள் அதனைக் 'கூகன் சட்டம்' என்றே அழைத்தார்கள். குழந்தையின் ஒப்பந்தத்துக்கு இசைவு வழங்கும்போது, அதன் நிகர வருவாயில் பாதிவரை தனிப் பொறுப்பில் ஒதுக்கிவைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது அதன் சாரம்.

'ஆணையிடலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீதிமன்றத்தின் இசைவுக்கு வந்த ஒப்பந்தங்களையே அது தொட்டது. வராதவை அதன் பிடிக்குள் அகப்படவில்லை. பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கு உரியது என்ற அடிப்படை விதியையும் அது மாற்றவில்லை. வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1938இல் அமெரிக்க நாடு முழுமைக்குமாக வேலை நேரம், கூலி பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறியது. கொடிய குழந்தை உழைப்பை அது தடை செய்தது; ஆலைகளிலிருந்து சிறுவர் சிறுமியரை மீட்டது. அதே சட்டம், திரைப்படத்திலும் நாடகத்திலும் நடிக்கும் குழந்தைகளுக்கு மட்டும் விலக்களித்தது. அன்று நாட்டின் பெருவிருப்பத்துக்குரிய குழந்தை நடிகையாக இருந்தவர் ஷெர்லி டெம்பிள். நூல் ஆலையில் இருந்த குழந்தையின் உழைப்பு உழைப்பாகத் தெரிந்தது. விளக்கொளியில் ஆடிய குழந்தையின் உழைப்பு விளையாட்டாகத் தெரிந்தது. அந்த ஷெர்லியே 1988இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில், தாம் ஈட்டிய முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட டாலரில் தமக்கென எஞ்சியிருந்தது 44,000 மட்டுமே என்று எழுதினார். கூகன் சட்டம் வந்தபோது அவருக்கு வயது பதினொன்று. சட்டம் இருந்தும் அவரது பொருள் கரைந்தது.

ஓட்டையை அடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. 2000 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குழந்தையின் சம்பாத்தியம் குழந்தைக்கே சொந்தம் என்று கலிபோர்னியச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. வருவாயில் 15 விழுக்காட்டை, வயது வரும்வரை யாரும் தொடாத தனிக் கணக்கில் செலுத்தியே ஆகவேண்டும். அதனைச் செலுத்தும் கடமை வேலை தருபவரைச் சேர்ந்தது. ஜாக்கி கூகன் அதைக் காண உயிருடன் இல்லை. அவர் 1984இல் காலமாகிவிட்டார்.

நடித்த இருவர்

படத்தில் மேடை கேட்ட பிள்ளைகளாக நடித்த இருவரும் வாழ்விலும் அப்படியே வளர்ந்தவர்கள். மிக்கி ரூனி 1920இல் வாடவில் பெற்றோருக்குப் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் மேடையேறியவர். ஜூடியின் இயற்பெயர் பிரான்சிஸ் கம். 1922இல் மினசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் பிறந்தவர். தந்தை அவ்வூரில் படக்கொட்டகை நடத்தினார். 1924 டிசம்பரில், இரண்டரை வயதுக் குழந்தையாக, அக்கொட்டகையின் மேடையில் அவர் முதன்முதலாகப் பாடினார். கைதட்டல் கேட்டதும் பாடியதையே திரும்பத் திரும்பப் பாடினார். இறங்க மறுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது என்று சொல்வார்கள்.

அந்தக் குழந்தையின் ஆசை அதன் சொந்த ஆசை. அதை யாரும் ஊட்டவில்லை. ஆனால் அதற்குப் பின்னர் நேர்ந்தவற்றில் குழந்தையின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? தாய் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு மேடை மேடையாகச் சென்றார். 1935இல் பதின்மூன்று வயதில் ஜூடி எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தமானார். அதே ஆண்டு நவம்பரில் அன்புத் தந்தை இறந்தார். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்', 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆகிய இரண்டும் வெளிவந்த 1939இல் அவருக்கு வயது பதினேழு. அவ்வாண்டின் நடிப்புக்காக இளையோருக்கான சிறப்பு அகாடமி விருது கிடைத்தது. உடல் பருக்காதிருக்க உணவைக் குறைத்தார்கள். இரவு பகலாக வேலை வாங்க விழிப்பு மாத்திரையும், பிறகு உறங்க உறக்க மாத்திரையும் கொடுத்தார்கள் என்று அவரே பின்னாளில் கூறினார். நிறுவனத்தை அப்படிக் குறை கூறுவது சரியன்று என்று ரூனி மறுத்ததும் உண்டு. இரண்டு கூற்றையும் பதிந்து வைப்பது வரலாறு எழுதுவோன் கடமை. அந்த மாத்திரைப் பழக்கம் ஜூடியை இறுதிவரை விடவில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

1950இல் நிறுவனமும் அவரும் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் மேடையேறிய இடம் எது தெரியுமா? பேலஸ்! படத்தில் மோரனின் குடும்பம் எந்த அரங்கத்தை இழந்து தவித்ததோ அதே அரங்கம். பழைய பல்சுவை மரபை மீட்டு 19 வாரம் அங்கே நிகழ்ச்சி நடத்தினார். அவருடைய தாயோ மகளிடமிருந்து மனம் பிரிந்து, விமானத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து வந்தார். 1953 ஜனவரியில், அந்தத் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்து இறந்தார். மகளின் சம்பாத்தியத்தால் தாயும் வாழவில்லை, மகளும் வாழவில்லை. வரிக்கடனில் வீட்டை இழந்த ஜூடி, 1969 ஜூன் 22 அன்று இலண்டனில், உறக்க மருந்தின் அளவு மீறியதால் 47 வயதில் மாண்டார்.

ரூனி நீண்ட காலம் வாழ்ந்தார். 1939 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவில் அதிக வசூல் தந்த நடிகர் அவரே. 1962இல் திவாலானார். 2011 மார்ச்சில் தம் 90ஆவது வயதில் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து, தம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே தம் பணத்தைத் தம் கட்டுப்பாட்டிலிருந்து பறித்துக்கொண்டதாகக் கண்ணீருடன் சாட்சியம் அளித்தார். 2014இல் காலமானார். தொண்ணூறு ஆண்டுகள் மேடையில் நின்றவருக்குத் தம் பணப்பையின் முடிச்சு தம் கையில் இருந்த காலம் எவ்வளவு?

நம் வீட்டு மேடை

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று நாம் அமைதி கொள்ள இயலாது. இன்று கைப்பேசி உள்ள ஒவ்வொரு வீட்டுக் கூடமும் ஒரு மேடை. குழந்தையின் மழலையைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டிப் பணம் பெறும் பெற்றோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இதனை உணர்ந்தே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், இணையக் காட்சிகளில் பயன்படுத்தப்படும் குழந்தைகளுக்கு வருவாயில் பங்கு ஒதுக்கும் சட்டத்தை 2024 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. கலிபோர்னியாவும் 2025 ஜனவரி முதல் கூகன் சட்டத்தின் காவலை அவர்களுக்கு விரித்துள்ளது.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தேன் போன்ற குரல். அவன் தந்தை ஏழை; தீயவர் அல்லர். மகனை ஊர் ஊராகக் கச்சேரிகளுக்கு அழைத்துச் சென்றார். அவன் பாடிய பணத்தில் அவர்கள் வீட்டுக் கூரை ஓலையிலிருந்து ஓடாயிற்று. அக்காளின் நிக்காஹ் நடந்தது. வகுப்பில் அவன் இடம் காலியாகவே கிடந்தது. "பிள்ளைக்கு நல்ல வரவு" என்று நானும் மகிழ்ந்து பேசியிருக்கிறேன். குரல் உடையும் வயது வந்ததும் அழைப்புகள் நின்றன. அவன் தன்னைவிட இரண்டு வயது இளையவர்களுடன் வந்து அமர்ந்தான். ஒருநாள் மாலை எல்லாரும் போன பின் நின்று, "ஹஜ்ரத், நான் பாடினதில் எனக்கென்று ஏதாவது இருக்குமா?" என்று கேட்டான். அவன் குறை கூறவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எங்கள் ஆண்டுவிழாவில் பிள்ளைக்குப் பரிசாக வரும் தொகை சிறிதாயினும், அதை அவன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு, கணக்குப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்கிறேன். பெற்றோர் சிலர் முகம் சுருங்குவதுண்டு. பிள்ளைகளோ மேடையைக் கேட்ட அதே ஆவலோடு அந்தத் தொகையைப் படிக்கிறார்கள்.